நெல்லையில் சுடப்பட்ட அந்த நால்வர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வ.உ.சி. பிறந்தநாளை ஒட்டி உங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். கப்பல் படம், செக்குப் படம், கோவைச் சிறைப் படம் எல்லாம் நன்றாக வந்திருந்தன. 1908 தீர்ப்பைப் பற்றித் தனியாக ஒரு கட்டச் செய்தியும் போட்டிருந்தீர்கள். அதில் நெல்லைக் கலவரத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம் கிடைத்திருந்தது. கைது நடந்தது, கலவரம் மூண்டது, அடுத்த வரியில் வழக்கு விசாரணைக்குப் போய்விட்டீர்கள். உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிப் பாடத்திலும் மேடைப் பேச்சிலும் அந்த நாளுக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

நான் நீதிமன்றத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தென் மாவட்டங்களில் பல ஊர்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து, கடைசியில் சிரஸ்தாராக, அதாவது நீதிமன்ற அலுவலகத்தின் தலைமை ஊழியராக, ஓய்வு பெற்றேன். வழக்குக் கட்டுகளோடு காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். எந்த வழக்கைப் பற்றிப் படித்தாலும் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், எத்தனை பேர், என்ன பிரிவு, அரசுத் தரப்புச் சாட்சி யார் யார், சான்றாவணம் என்ன என்று கண் தானாகத் தேடும். வ.உ.சி. வழக்கையும் நான் அப்படித்தான் படித்து வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: தூத்துக்குடியிலும் நெல்லையிலும் அந்த மார்ச் மாதம் தெருவில் இறங்கிய ஜனங்களை விட்டுவிட்டு இந்த வழக்கைப் புரிந்துகொள்ளவே முடியாது.

கப்பல் கம்பெனி கதை எல்லோருக்கும் தெரியும். 1906இல் பத்து லட்சம் ரூபாய் மூலதனம், ஒரு பங்கு 25 ரூபாய் என்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை வ.உ.சி. பதிவு செய்தார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. நம் நினைவில் இது பெரிதாக இருக்கிறது, இருக்க வேண்டியதும்தான். ஆனால் 1908 மார்ச்சில் வெள்ளைக்கார அதிகாரிகளின் தூக்கத்தைக் கெடுத்தது கப்பலைவிட அதிகமாக கோரல் மில்.

அந்த மில் ஹார்வி சகோதரர்களுடையது. 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். கூலியைக் கூட்டு, வாரம் ஒரு நாள் விடுப்புக் கொடு என்பவைதான் கோரிக்கைகள். இன்றைக்குப் பார்த்தால் இதைக்கூடவா கேட்க வேண்டியிருந்தது என்று இருக்கும். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நாள் தவறாமல் கூட்டம் போட்டுப் பேசினார்கள். வேலையை விட்டு வந்த குடும்பங்களுக்கு ஊரார் சோறு போட்டார்கள். மார்ச் முதல் வாரம் முடிவதற்குள் நிர்வாகம் இறங்கி வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் ஒரு பெரிய வெள்ளைக்காரக் கம்பெனியைப் பத்தே நாளில் பணிய வைத்தார்கள் என்றால், அதைக் கண்டு கலெக்டர் விஞ்சும் உதவிக் கலெக்டர் ஆஷும் சும்மா இருப்பார்களா?

அந்த நாட்களில் தூத்துக்குடி எப்படி இருந்தது என்பதற்கு எங்கள் பக்கம் ஒரு சம்பவத்தைச் சொல்வார்கள். ஒரு வக்கீல் சவரத்துக்கு உட்கார்ந்திருக்கிறார். சவரம் செய்கிறவர் பேச்சுவாக்கில் சுதேசிகளைப் பற்றிக் கேட்கிறார். வக்கீல் அவர்களுக்கு எதிராகப் பேசுகிறார். சவரத்தொழிலாளி கத்தியை மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறார். வக்கீலுக்குப் பாதி முகம் மழித்தபடி, பாதி மழிக்காதபடி. ஊருக்குள் வேறு யாரைக் கூப்பிட்டும் மிச்சத்தைச் செய்ய ஆள் வரவில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தத் தொழிலாளியின் துணிச்சல்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்தக் காலத்தில் ஒரு வக்கீலைப் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்திருப்பது லேசான காரியமா? அன்றைய வருமானம் போகும், நாளைக்கு அடி விழலாம். அவர் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவரை எந்தத் தலைவரும் பக்கத்தில் நின்று தூண்டிவிடவும் இல்லை.

மார்ச் 9 அன்று வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் விடுதலையாகிறார். அவர் சிறைக்குப் போனதே நீதிமன்ற விவகாரம்தான். அரவிந்தர் மீதான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்ததற்காக ஆறு மாதம் உள்ளே இருந்தார். அந்த விடுதலையைக் கொண்டாட அரசு விதித்த தடையை வ.உ.சி.யும் சிவாவும் மீறினார்கள். மார்ச் 12 அன்று இருவரையும், அவர்களோடு பத்மநாப ஐயங்காரையும் கைது செய்தார்கள்.

மறுநாள் மார்ச் 13, வெள்ளிக்கிழமை. திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டன. கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். கூட்டம் பெருகிப் பெருகி நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், போலீஸ் நிலையம், முன்சீப் கோர்ட்டு என்று ஒவ்வொன்றாகத் தாக்கியது. தீ வைத்தார்கள். நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கு பற்றி எரிந்தது. அது அணைய நாளாயிற்று. போலீஸ் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கூட்டம் சேர்ந்தபோது தலைவர்கள் மூவரும் காவலில் இருந்தார்கள். இப்படிச் செய் என்று சொல்ல வெளியே யாரும் இல்லை. கட்சி என்று சொல்ல ஒரு கட்டுக்கோப்பான அமைப்புகூடக் கிடையாது. தூத்துக்குடியிலும் அதே நேரம் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். இந்த முறை கூலிக்காக அல்ல, கைதுக்காக. கூடவே துப்புரவுத் தொழிலாளர்கள், கசாப்புக் கடைக்காரர்கள், சவரத்தொழிலாளர்கள், குதிரை வண்டிக்காரர்கள் எல்லோரும் வேலையை நிறுத்தினார்கள். தூண்டிவிடப்பட்ட கும்பல் என்று அரசாங்கம் அவர்களைப் பற்றி எழுதி வைத்தது. நாமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம், கொஞ்சம் மரியாதையான சொற்களில்: தலைவரின் கைதைக் கேட்டுக் கொதித்தெழுந்தார்கள் என்று. அவர்களுக்கென்று ஒரு மனசும் ஒரு கணக்கும் இருந்திருக்க வேண்டும். கோரல் மில்லில் வாரம் ஒரு நாள் ஓய்வு வாங்கிக் கொடுத்தவரை உள்ளே தள்ளினால் அடுத்து என்ன நடக்கும் என்று அந்தத் தொழிலாளிக்குத் தெரியாதா?

இப்போது வழக்குக்கு வருகிறேன். கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே முன்னால் விசாரணை நடந்தது. ராஜத்துரோகம், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 124-ஏ பிரிவு. அதற்கு ஆதாரம் மேடைப் பேச்சுகள். போலீஸ்காரர்கள் கூட்டத்தில் நின்று எடுத்த குறிப்புகள்தான் முக்கியச் சான்று. வ.உ.சி. தரப்புக்குச் சாட்சி சொல்ல பாரதியார் வந்தார். இந்த வழக்கில் என்னை அதிகம் உலுக்குவது 124-ஏ அல்ல. அதோடு சேர்த்துப் போட்ட 109. உடந்தைப் பிரிவு.

என் வேலைக்காலம் முழுவதும் குற்றப்பத்திரிகைகளில் பார்த்துப் பழகிய பிரிவு அது. கத்தி எடுத்துக் கொடுத்தவன், வழி காட்டியவன், பணம் கொடுத்து ஏவியவன் இப்படிப்பட்டவர்கள் மேல் போடுவார்கள். வ.உ.சி. செய்த உடந்தை என்ன தெரியுமா? சுப்பிரமணிய சிவாவுக்குத் தன் வீட்டில் தங்க இடம் கொடுத்துச் சாப்பாடு போட்டது. சிவா பேசியது குற்றம். அவருக்குச் சோறு போட்டு ஆதரித்ததால் வ.உ.சி.யும் அதே குற்றத்துக்கு உடந்தை. 1908 ஜூலை 7 அன்று தீர்ப்புச் சொன்னார்கள். சிவாவுக்குப் பத்து ஆண்டு நாடு கடத்தல். வ.உ.சி.க்குத் தன் பேச்சுக்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவை ஆதரித்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. அந்தக் காலத்துக் கணக்கில் ஆயுள் என்றால் இருபது வருஷம். அதனால்தான் நாற்பது ஆண்டு என்று ஊரெல்லாம் பேசியது. விருந்தாளிக்குச் சோறு போட்டதற்கு இருபது வருஷம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடப்புத்தகமாவது இந்த வார்த்தைகளில் சொல்லியிருக்கிறதா?

இந்தத் தண்டனையைப் பார்த்து லண்டனிலேயே திகைத்தார்கள். இந்தியாவுக்கான மந்திரி மார்லி, வைசிராய் மிண்டோவுக்கு எழுதிய கடிதத்தில் திருநெல்வேலி ஆட்கள் இருவருக்கும் விதித்த தண்டனையை நியாயப்படுத்தவே முடியாது, அது நிற்கக் கூடாது என்று எழுதினார். அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இருவருக்கும் ஆறு ஆண்டாகக் குறைத்தது. உடந்தைக் குற்றத்துக்கு நான்கு ஆண்டு. இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம். ஏககாலத்தில் என்ற அந்த ஒரு சொல் தீர்ப்பின் கடைசி வரியில் இருக்கிறதா இல்லையா என்பதில் ஒரு மனிதனின் பாதி ஆயுசு அடங்கியிருக்கும். கூண்டுக்கு வெளியே நின்று அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

குறைத்தாலும், அதற்குள் ஆக வேண்டிய சேதம் ஆகிவிட்டது. நாற்பது ஆண்டு என்ற செய்தியைக் கேட்டு வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கியது. பிறகு தெளியவே இல்லை. சிவா சிறையில் தொழுநோயை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். வ.உ.சி. கோவையிலும் கண்ணனூரிலும் சிறையில் கிடந்து 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பல் கம்பெனி இல்லை, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது என்ற உரிமமும் இல்லை.

ஊருக்கும் தண்டனை உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கலவரத்துக்குப் பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் படையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் படைக்கு ஆகும் செலவை ஊர் ஜனங்களிடமே வரியாக வசூலித்தார்கள். தீ வைத்தவன், வேடிக்கை பார்த்தவன், வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவன் எல்லோரும் கட்ட வேண்டும். குற்றச்சாட்டு வனையாமல், சாட்சி விசாரிக்காமல், ஊர் முழுவதையும் எதிரியாக நிறுத்திக் கொடுத்த தண்டனை என்றுதான் இதைச் சொல்வேன். அப்புறம் தனியாகக் கலவர வழக்குகள் நடந்தன. சாமானியர்கள் பலர் ஜெயிலுக்குப் போனார்கள். ஆனால் நான்கு உயிர்களைப் பறித்த துப்பாக்கிச் சூட்டுக்காகச் சுட்ட தரப்பில் ஒருவர்கூடக் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

பம்பாயை எடுத்துக்கொள்ளுங்கள். வ.உ.சி. தீர்ப்பு வந்த இரண்டே வாரத்தில், 1908 ஜூலை 22 அன்று, அங்கே திலகருக்கு ஆறு ஆண்டு தண்டனை கொடுத்தார்கள். பம்பாய் மில் தொழிலாளர்கள் ஓராண்டுக்கு ஒரு நாள் வீதம் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இந்தியாவின் முதல் அரசியல் வேலைநிறுத்தம் என்று அதைப் பலர் எழுதுகிறார்கள். லெனின் அதைக் குறிப்பிட்டு எழுதியதால் உலகம் முழுக்கத் தெரிந்துபோனது. பம்பாய்த் தொழிலாளிகளின் பெருமையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கு நான்கு மாதம் முன்பே தூத்துக்குடி மில் தொழிலாளர்கள் ஓர் அரசியல் கைதுக்காக வேலையை நிறுத்தியிருந்தார்கள். மாகாணத் தலைநகரில்கூட அல்ல, தெற்குக் கோடியில் ஒரு துறைமுக ஊரில். இதை நாம் உரக்கச் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

நாம் உரக்கச் சொல்வது மணியாச்சியை. 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டது, அதன் பிறகு நீலகண்ட பிரம்மச்சாரி முதலான பதினான்கு பேர் மேல் நடந்த சதி வழக்கு, அதில் நீதிபதி சங்கரன் நாயர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு, இவையெல்லாம் நிறையப் பேசப்பட்டுவிட்டன. ஒரு துப்பாக்கி, ஒரு ரயில் நிலையம், ஒரு வீரன் என்றால் கதை சொல்ல வசதியாக இருக்கிறது. ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து செய்த காரியத்தைச் சொல்வது கஷ்டம். எனக்கு மூன்று வருஷம் முந்தைய அந்த வெள்ளிக்கிழமைதான் பெரிய நிகழ்ச்சி.

கஷ்டம் என்றாலும் முடியாததில்லை. இங்கேதான் என் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண மனிதனைப் பற்றி யாரும் வாழ்க்கை வரலாறு எழுதுவதில்லை. ஆனால் அவன் கோர்ட்டுக்கு வந்துவிட்டால் பெயர், தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர் என்று ஐந்து விவரமும் பதிவாகிவிடும். ஒரு கலவர வழக்கின் எதிரிகள் பட்டியலைப் பார்த்தாலே அன்றைக்குத் தெருவில் யார் நின்றார்கள் என்று தெரிந்துவிடும்: இவர் நெசவு, இவர் கூலி, இவர் வண்டி, இவர் மாணவர். சுடப்பட்டுச் செத்தவர் எதிரிகள் பட்டியலில் வரமாட்டார். அவருக்கென்று பிரேத விசாரணை அறிக்கை இருக்கும். சடலத்தை எங்கே பார்த்தார்கள், காயம் முன்பக்கமா முதுகிலா, அடையாளம் காட்டியவர் அண்ணனா மனைவியா என்றெல்லாம் பஞ்சாயத்தார் கையெழுத்தோடு அதில் எழுதுவார்கள். நான் பார்த்த கட்டுகளிலேயே படிக்க மனசு கேட்காத காகிதம் அதுதான். ஒரு மனிதன் கடைசியாக என்ன உடுத்தியிருந்தான், மடியில் எத்தனை காசு வைத்திருந்தான் என்பதுகூட அதில் வந்துவிடும்.

அந்த நால்வரைப் பற்றியும் அன்று தண்டிக்கப்பட்டவர்களைப் பற்றியும் ஆய்வாளர்கள் ஆவணங்களில் வருஷக்கணக்காகத் தேடி எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அது ஊருக்குள் வந்து சேரவில்லை. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் இறந்த 13 பேரின் பெயர்களும் படங்களும் நம் வீடுகளுக்கு வந்தன; ஸ்னோலின் என்ற பெண்ணின் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. விசாரணை ஆணையம் அமைந்து அதன் அறிக்கையும் வெளிவந்தது. அதே மண்ணில், அன்றைக்கு ஒரே மாவட்டமாக இருந்த இடத்தில், 1908இல் செத்த நால்வரின் பெயரை நெல்லை ஜங்ஷனில் நின்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

2021இல் வ.உ.சி.யின் 150ஆவது பிறந்த ஆண்டை அரசு சிறப்பாகவே கொண்டாடியது. நெல்லையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. அங்கே அவர் படத்துக்குக் கொஞ்சம் தள்ளி, 1908 மார்ச் 13 அன்று செத்தவர்களின் பெயர்களை ஒரு கல்லில் வெட்டி வைக்க வேண்டும். கலவர வழக்கில் சிறைக்குப் போனவர்களின் பட்டியலும் அங்கே இருக்கட்டும். பின்ஹே எழுதிய தீர்ப்பையும் உயர் நீதிமன்றத் தீர்ப்பையும் முழுமையாகத் தமிழில் மலிவு விலைப் பதிப்பாக அரசு கொண்டுவர வேண்டும். சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. 124-ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்ததையும், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 152ஆவது பிரிவு வேறு சொற்களில் நிற்பதையும் வைத்து இன்றும் வாதம் நடக்கிறது. அதில் கலந்துகொள்கிறவர்கள் சோறு போட்டதற்காகக் கொடுத்த அந்த ஆயுள் தண்டனையையும் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

உங்களிடம் கேட்பது இன்னும் எளிது. செப்டம்பர் 5 பிறந்தநாளுக்கும் நவம்பர் 18 நினைவுநாளுக்கும் தவறாமல் பக்கம் ஒதுக்குகிறீர்கள். வரும் மார்ச் 13 அன்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு ஒரு நிருபரை அனுப்பி, அந்த நால்வரின் பெயர், தொழில், ஊர், கிடைத்தால் தகப்பனார் பெயர், எல்லாவற்றையும் எடுத்து முதல் பக்கத்தில் போடுங்கள். பழைய கையெழுத்தையும் கோர்ட்டுச் சுருக்கங்களையும் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டால் நான் கூட வரத் தயார். கண் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற சிரஸ்தார்,
பாளையங்கோட்டை.